பொறிவண்டும் சான்றொப்பமும்

கம்ப்யூட்டருக்குள்ளும் சான்றொப்பம் உண்டு என்பதை என் பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். லினக்ஸ் டிரைவர்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. கேமரா, வைஃபை போன்ற கருவிகளை இயக்கும் நிரல்தான் டிரைவர். அது ஓடுவது கெர்னல் என்னும் மையப் பகுதிக்குள். அங்கே தப்பு நடந்தால் தட்டிக்கேட்க மேலே ஆள் இல்லை.

டிரைவருக்கு நினைவகத்தில் இடம் வேண்டுமானால், 'கேமல்லாக்' என்ற கட்டளையிடம் இத்தனை பைட் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு சென்ட்டுக்குப் பட்டா வாங்கி மூன்று சென்ட்டில் வீடு கட்டினால், சுவர் பக்கத்துக்காரர் நிலத்தில் நிற்கும் அல்லவா? அதே கதைதான். சாதாரண புரோகிராம் இப்படிச் செய்தால் அது மட்டும் நிற்கும். கெர்னலுக்குள் நடந்தால் மொத்த மெஷினும் படுத்துவிடலாம்.

அடுத்தது 'காஸ்ட்'. "இது இன்ன வகைதான், கேள்வி கேட்காதே" என்று எழுதியவர் கம்பைலருக்குக் கொடுக்கும் சான்று அது. கேமல்லாக் தரும் இடத்துக்கு, சி மொழியில் அந்தச் சான்றே தேவையில்லை. பழக்கத்தில் பலர் போட்டுவிடுகிறார்கள்.

"இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?" என்றேன்.

"வேண்டாத இடத்துல காஸ்ட் போட்டா, தப்பு இருந்தாலும் கம்பைலர் வாயைத் திறக்காது தாத்தா" என்றாள்.

ஆபீஸில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். 'அசலுடன் ஒப்பிடப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்பு விழுந்த நகலை யாரும் மறுபடி அசலோடு வைத்துப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கடைநிலை ஊழியரின் பிறந்த வருடத்தில் ஓர் எண் மாறியிருந்தது. ஸ்டாம்பு இருந்ததால் நாலு மேசையைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் அவருடைய பென்ஷன் எட்டு மாதம் நின்றது. தப்பு ஓர் எண்தான். அதை மறைத்தது அந்த ஸ்டாம்பு.

வகை மாற்றத்தால் ராக்கெட்டே போயிருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5, சுமார் 40 விநாடியில் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றினார்கள். அதில் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய நிரல் என்பதால், புதிய ராக்கெட்டின் பாதைக்கு அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

வேண்டாத காஸ்ட்டுகளைத் தேடிப் பிடிக்க ஒரு கருவி உண்டு. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜூலியா லாவல் முதலானோர் உருவாக்கியது. பெயர் கோக்ஸினெல். கேட்டதும் சிரித்துவிட்டேன். பிரெஞ்சில் படித்த எனக்கு அது பொறிவண்டு; நம் பக்கத்து அவரைக்கொடியில் அசுவினியைத் தின்னுமே, அந்தப் பூச்சி! நிரல் பிழையை 'பக்', அதாவது பூச்சி, என்பார்கள். பூச்சியைத் தின்ன ஒரு பூச்சி.

பொறிவண்டு காட்டியும் கொடுக்கும், திருத்தத்தை எழுதியும் தரும். ஆனால் சில காஸ்ட்டுகள் அவசியமானவை. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒருவர் படித்துப் பார்த்தாக வேண்டும். படித்தவர் பெயர் திருத்தத்தின் அடியில் 'ரிவ்யூட் பை' என்று ஏறுகிறது. பேத்தி இரவு பதினொரு மணி வரை வரிவரியாகப் படித்த பிறகுதான் தன் பெயரைப் போடுகிறாள்.