பெர்த் – லண்டன்: இறங்காத வான்வழி

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர்வழித் தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர். 2018 மார்ச் 24 மாலை பெர்த்தில் கிளம்பிய குவாண்டாஸ் நிறுவனத்தின் போயிங் 787-9 விமானம், எங்கும் இறங்காமல் சுமார் 17 மணி 20 நிமிடத்தில் ஹீத்ரோவை அடைந்தது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இடையில் நிற்காமல் இணைத்த முதல் பயணிகள் சேவை அது. 1947இல் அதே நிறுவனம் சிட்னி–லண்டன் சேவையைத் தொடங்கியபோது பயணத்துக்கு நான்கு நாள் பிடித்தது.

உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் விழும் கோடுதான் நேர்வழி. பெர்த்தை விட்டதும் அது வடமேற்காக இந்தியப் பெருங்கடலில் இறங்கிவிடுகிறது. கோகோஸ் தீவுகளை ஒட்டிப் போவதைத் தவிர, 5,500 கிலோமீட்டருக்கு வெறும் கடல்தான்.

இந்தக் கடலை முதலில் பழகியவை போர்க்காலப் பறக்கும் படகுகள். சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதால் ஆஸ்திரேலியாவின் வழக்கமான வான்வழி அறுந்தது. 1943 முதல் 1945 வரை பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்குக் கேட்டலினா விமானங்கள் பறந்தன. பயணிகள் மூன்றே பேர். கூடவே கொஞ்சம் தபால். எதிரிக்குத் தெரியாதபடி வானொலியை அடக்கி, விண்மீன்களைப் பார்த்துத் திசை கணித்து, 27 முதல் 33 மணி நேரம் பறந்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதித்தது. விமான வரலாற்றில் இதற்கு இணையான துணிச்சல் குறைவு.

நேர்கோடு இலங்கையின் தென்கிழக்கில் கரையேறி, மலையகத்தைக் கடந்து, புத்தளம் அருகே மீண்டும் கடலுக்கு வருகிறது. பிறகு மதுரை, திருப்பூர் வட்டாரங்களின் மேலாகச் சென்று கோவாவில் அரபிக்கடலைத் தொடுகிறது. அடுத்து பலுசிஸ்தான் கடற்கரை, தெஹ்ரான், எரெவான், கிரிமியா, உக்ரைன். ஸ்லோவாக்கியா, செக் நாடு, ஜெர்மனி கடந்தால் லண்டன்.

விமானங்கள் இந்தக் கோட்டின்மேல் அப்படியே பறப்பதில்லை. காற்றையும் திறந்திருக்கும் வான்வெளியையும் பார்த்து அன்றன்றைக்குப் பாதை வகுக்கப்படுகிறது. 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் 16 மணி நேரம்தான் வரும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம், சுற்றுவழி, எதிர்க்காற்று ஆகியவை மீதியைக் கூட்டுகின்றன. இவற்றில் காற்றின் பங்கைக் குறைத்து எடைபோடக் கூடாது. இரு அரைக்கோளங்களின் நடு அட்சரேகைகளிலும் சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகக்காற்று ஓடுகிறது. லண்டன் போகையில் அது எதிர்த்து நிற்கும். திரும்புகையில் பின்னிருந்து தள்ளும். அதனால் திரும்பும் பயணம் பெரும்பாலும் குறைந்த நேரத்தில் முடிகிறது.

2024 ஏப்ரலில் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க நேர்ந்தபோது இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. சுற்றுவழியும் எதிர்க்காற்றும் சேர்ந்ததால், லண்டன் செல்லும் விமானம் எரிபொருள் நிரப்பச் சிங்கப்பூரில் இறங்க வேண்டியதாயிற்று. லண்டனிலிருந்து பெர்த் வரும் விமானம் இடையில் நிற்காமலே பறந்தது.