கை வைத்த இடம்

மோட்டார் சைக்கிளில் கியர் விழவில்லை என்பது உலகத்துக்குப் பெரிய செய்தியன்று. ஆயினும் நேற்றுவரை ஒழுங்காக விழுந்த கியர், உடையவர் தம் வீட்டு முற்றத்தில் வைத்துத் துடைத்து, எண்ணெயிட்டு, முடுக்கி முடித்த மறுநாளே விழ மறுக்குமானால், அது அவர் நெஞ்சில் ஒரு சிறு துயரமாகவே தங்கிவிடுகிறது. அன்பு காட்டப்போய் ஊறு விளைந்ததோ என்னும் ஐயமே அத்துயரத்தின் வேர். அந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி ஒன்றைத் திருவனந்தபுரத்தில் கண்டோம். அதனை இங்கே எழுதி வைப்பது பயனுடைத்து என எண்ணுகிறோம்.

நம் நண்பர் ஒருவர் கரமனையில் வாழ்கிறார். அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற பொருள்களுள் அவர் உயிரினும் மேலாகப் போற்றுவது ஒரு பழைய புல்லட். அவ்வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, 1955 ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா என்னும் பெயரில் சென்னையில் தொழில் தொடங்கிற்று. பின்னர் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட போதிலும், திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் சேய் நின்று நிலைத்தது. அக்காலப் புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. முதல் கியர் மேல்நோக்கி, மற்ற மூன்றும் கீழ்நோக்கி. குதிகாலால் ஒரே அழுத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவர வேறொரு சிறு நெம்புகோலும் உண்டு. 1970களின் நடுவில் அமெரிக்க அரசு இடப்புறக் கியரையே கட்டாயமாக்க, உலகத்துத் தொழிற்சாலைகள் மெல்ல மெல்ல இடப்புறம் திரும்பின. வலப்புறக் கியர் வண்டியை ஓட்டத் தெரிந்தவர் இன்று சிலரே. நண்பர் அவர்களுள் ஒருவர், தந்தையாரிடம் கற்றவர்.

இடவப்பாதி மழை தொடங்கியபின் சில வாரங்கள் அவ்வண்டி தாழ்வாரத்தில் அசையாது நின்றது. மழை ஓய்ந்த ஒரு ஞாயிறன்று நண்பர் கருவிப் பெட்டியைத் திறந்தார். துருவேறிய கிளட்ச் கேபிளை மாற்றினார், கியர்ப் பெட்டியின் வெளி மூடியைக் கழற்றிப் பழைய கிரீஸைக் கழுவிப் புதியது இட்டார், செயினை முடுக்கினார். பொன்முடிக்குத் தன்னை அழைத்துச் செல்லவேண்டும் என்று மகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கான ஆயத்தமே இவ்வளவும்.

மறுநாள் தம்பானூர்ச் சந்திப்பில் விளக்குச் சிவந்து வண்டி நின்றபோது நியூட்ரல் அகப்படவில்லை. முதல் கியர் 'கடக்' என்னும் பேரொலியோடு விழுந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போதோ, கியர் இரண்டிலும் இல்லாமல் மூன்றிலும் இல்லாமல் இடையில் தொங்கிற்று; எஞ்சின் வீணே அலறிற்று. வழியிலிருந்த ஒரு பட்டறையில் காட்டினார். பற்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன, பெட்டியை முழுதும் பிரிக்கவேண்டும், பழைய வண்டிக்கு இச்செலவு வீண், விற்றுவிடுவதே நலம் என்று அங்கே கூறினர். நண்பர் அன்றிரவு உறங்கவில்லை என்று பின்னர் அறிந்தோம்.

அவரை நாம் கிள்ளிப்பாலம் அருகே ஓர் ஆசானிடம் அழைத்துச் சென்றோம். இவ்வூரில் தொழில் முதிர்ந்த மெக்கானிக்கை ஆசான் என்றே அழைப்பது வழக்கம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றியவர் அவர். வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை, கருவியையும் எடுக்கவில்லை. "சாரே, கடைசியா எங்கெல்லாம் கை வச்சிய? ஒண்ணு விடாம சொல்லுங்கோ" என்றார். நண்பர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டார்.

பிறகு செய்த சோதனை மிக எளியது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தபடியே, ஒரு கையால் பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றி மறு கையால் கியர் மிதியை இயக்கினார். முதல் கியரும் இரண்டாம் கியரும் ஒலியின்றி விழுந்தன. எஞ்சினை இயக்கிக் கிளட்சைப் பிடித்தபோதுதான் அவை முரண்டின. "உள்ளே நோவு இல்ல, கிளட்ச் விடலை" என்றார்.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று. கியர்ப் பெட்டியினுள் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது பக்கவாட்டில் நகர்ந்து பூட்டிக்கொள்பவை அவற்றின் பக்கத்தில் உள்ள முட்டுப்பற்களே. கிளட்ச் முழுதும் பிரிந்தால்தான் அம்முட்டுப்பற்கள் சுமை நீங்கி ஒன்றையொன்று விடும். புதிய கேபிள் மிகத் தளர்வாக இருந்தால், கைப்பிடியை முற்றும் இழுத்த பின்னும் தட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். எஞ்சினின் விசை உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். நியூட்ரல் ஒளிந்துகொள்வதும், முதல் கியர் அலறி விழுவதும் அதனால்தான். மாறாகக் கேபிளை இறுக முடுக்கினால் கிளட்ச் வழுக்கித் தட்டுகள் கருகும். கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருப்பதே அளவு. ஆசான் அவ்வளவே வைத்தார். மழைக்காலத்தில் நின்ற வண்டியில் தட்டுகள் எண்ணெயோடு ஒட்டிக்கொள்வதும் உண்டாதலின், கிளட்சைப் பிடித்தபடி நாலைந்து முறை கிக்கரை மிதித்து அவற்றைப் பிரித்தார்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே தொங்கிய கியருக்குக் காரணம் வேறு. வெளி மூடிக்கு உட்புறத்தில் இரண்டு போல்ட்டுகளால் பிணைத்த ஒரு சிறு தகடு உண்டு. கியர் மிதியின் ஓட்டத்துக்கு மேலும் கீழும் எல்லை வகுப்பது அதுவே. மூடியைக் கழற்றிக் கழுவிய வேளையில் அது மயிரிழை நகர்ந்திருந்தது. நெகிழ்த்தி, நகர்த்தி, இறுக்கினார். மூன்றாம் கியர் பணிந்து விழுந்தது. புதிய பற்சக்கரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

இது சிறு விஷயமன்று. பொன்முடி நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாறு கடந்தால் 22 கொண்டை ஊசி வளைவுகள். அவ்விறக்கத்தில் வண்டியைத் தாங்குவது பிரேக் மட்டுமன்று. தாழ்ந்த கியரில் எஞ்சின் கொடுக்கும் பிடிப்பும் ஆகும். வளைவில் கியர் இடையில் தொங்கினால் அப்பிடிப்பு நொடியில் அற்றுப்போகும். மகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு இறங்கும் தந்தைக்கு அதன் பொருள் என்னவென்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடுத்த மாதம் இருவரும் பொன்முடி சென்று நலமே திரும்பினர்.

ஆசானின் கேள்வி எவ்வகை வண்டிக்கும் பொருந்தும். மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் எஸ்டியில், கிக்கரும் கியர் மிதியும் ஒரே தண்டு. மிதியை அழுத்தும்போதே கிளட்சும் பிரியும். அங்கே கிளட்சைத் திருத்தியவர் கியரையும் தொட்டவராகிறார். இக்காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினும் கிளட்சும் கியரும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. உராய்வைக் குறைப்பதற்கென்றே ஆக்கிய கார் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கியர் மிதியைத் தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கால் தன் முழு வீச்சைச் செலுத்த இயலாது. குற்றம் பற்சக்கரத்தின்மேல் விழும். உண்மையோ வெளியே கிடக்கும்.

ஆகவே வீட்டில் வண்டியைப் பிரிப்போர், செய்யும் பணிகளை வரிசையாக ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. கோளாறு தோன்றினால் அவ்வரிசையில் பின்னோக்கி நடக்கவேண்டும். ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றவேண்டும். மாற்றியபின் ஓட்டிப் பார்க்கவேண்டும். உள்ளே தேய்ந்தது என்னும் தீர்ப்பு கடைசியில் வரவேண்டியது. அதனை முதலில் சொல்பவர் பலர்.

இல்லறத்திலும் நட்பிலும் இவ்வாறே அன்றோ? நேற்றுவரை சீராயிருந்தது இன்று முரண்டினால், அதன் ஆழத்தில் பழுதென்று துணிவதற்கு முன், கடைசியாகக் கை வைத்த இடம் எது என்று கேட்டுக்கொள்வது நன்று. பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர்த் தளர்விலேயே அனைத்தும் சரியாகிவிடுகின்றன.