வெள்ளிக்கிழமைக் கணக்கு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் ஏறத்தாழப் பாதி வழியில் திருக்கழுக்குன்றம் வருகிறது. என் அம்மா பிறந்த ஊர். நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வேதகிரி மலைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு சென்ற ஊர். அவை காலையில் கங்கையில் நீராடி, நண்பகலில் இங்கே அமுதுண்டு, இரவில் இராமேஸ்வரத்தில் சென்று அடைகின்றன என்று ஊரில் சொல்வார்கள். ஊர்களின் வரிசையைச் சிலர் மாற்றிச் சொல்வதுண்டு. தினமும் வந்து போயின என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

வாராவாரம் ஐதராபாத்துக்கு விமானத்தில் போய்வரப் போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, "கழுகு மாதிரியா?" என்பதுதான். பிறகு சற்று யோசித்துவிட்டு, "அதுங்களுக்கு யாரும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்ல. உனக்குக் கட்டுப்படியாகுமா கண்ணு?" என்றாள்.

கட்டுப்படியாகவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூன்றாண்டுகளுக்கு முன் என் மனைவிக்குப் பதவி உயர்வோடு ஐதராபாத்துக்கு மாற்றல் வந்தது. மத்திய அரசுப் பணி. மறுத்தால் இன்னொரு வாய்ப்பு வருவதற்குள் ஓய்வு வயது வந்துவிடும். மகள் அவளோடு சென்றாள். கல்லூரி வேலையையும் எழுபத்தெட்டு வயது அம்மாவையும் விட்டு என்னால் நகர முடியவில்லை. வார இறுதிகளில் அம்மாவுக்குத் துணையாக என் அக்கா திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்துவிடுவாள் என்று ஏற்பாடாயிற்று. இருபது ஆண்டுகளாக வகுப்பில் பாலைத்திணை நடத்தி வருகிறேன். ஓதல், பகை, தூது, பொருள் என்று பிரிவுக்குரிய காரணங்களைக் கரும்பலகையில் எண் போட்டு எழுதியிருக்கிறேன். அங்கெல்லாம் பிரிந்து செல்பவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி. பணியிட மாற்றம் என்ற துறையும் இல்லை, தலைவி போய்த் தலைவன் வீட்டில் தங்கும் வழக்கும் இல்லை. ஆகவே என் நிலைக்கு உரையாசிரியர் எவரும் உதவவில்லை.

ரயிலில் போகலாமே என்பார்கள். செங்கல்பட்டு வழியாகவே காச்சிகுடாவுக்கு ஒரு ரயில் போகிறது. மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் அங்கே இருக்கலாம். முதல் சில வாரங்கள் அதில்தான் போனேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டை அடைந்து ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் அவர்களோடு இருப்பது 32 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் போய்த் திங்கள் அதிகாலை விமானத்தில் திரும்பினால் 54 மணி நேரம். அந்த 22 மணி நேரத்தைத்தான் நான் வாரந்தோறும் விலை கொடுத்து வாங்கத் தொடங்கினேன். அதில் தூங்கும் நேரமும் சேரும். ஆனால் மகள் தூங்கும் வீட்டில் தூங்குவது வேறு.

முதல் ஆண்டு கணக்குப் பார்க்காமல் பறந்தேன். ஒருமுறை போய்வரச் சராசரியாக 11,400 ரூபாய் ஆயிற்று. நாற்பது வாரங்களுக்கு நான்கரை லட்சம். கடன் அட்டையின் அறிக்கை வரும் நாளில் இருவருமே தொலைபேசியில் அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தோம். பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஓராண்டுக் காலம் தினமும் இரவில் ஒரே வெள்ளிக்கிழமைக்கான கட்டணம் எப்படி மாறுகிறது என்று எழுதினேன். ஆய்வேட்டுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எடுத்தவன் அல்லன்.

விமானக் கட்டணத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1978இல் விமானப் போக்குவரத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. குறைந்த விலையில் பறந்த புதிய நிறுவனங்களைச் சமாளிக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985இல் ஒரு வழி கண்டது. காலியாகப் போகக்கூடிய இருக்கைகளை மட்டும் மலிவாக விற்றது. அதற்குப் பல நாட்களுக்கு முன்பே பயணச்சீட்டு வாங்கியிருக்க வேண்டும். சென்ற ஊரில் சனிக்கிழமை இரவு தங்க வேண்டும். உறவினரைப் பார்க்கப் போகிறவர் சனிக்கிழமை தங்குவார். அலுவலகச் செலவில் போகிறவர் தங்கமாட்டார். யாரிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதை ஒரு சனிக்கிழமை இரவு பிரித்துக் காட்டிவிட்டது. வாராவாரம் பறந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்த ஊரில் தொடங்கும் ஒரு இருவழிச் சீட்டையும் அந்த ஊரில் தொடங்கும் ஒரு இருவழிச் சீட்டையும் வாங்கி, ஒன்றின் பாதியையும் மற்றதன் பாதியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். நிறுவனங்கள் அதைத் தடை செய்தன.

நம் ஊரில் அந்தத் தந்திரத்துக்கு வேலை இல்லை. கேப்டன் கோபிநாத் 2003இல் ஏர் டெக்கானைத் தொடங்கியபோதே போவதற்கு ஒரு சீட்டு, வருவதற்கு ஒரு சீட்டு என்று விலை தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. சில இருக்கைகளை அவர் ஒரு ரூபாய்க்கும் விற்றார். அந்த நிறுவனம் 2008இல் கிங்ஃபிஷருடன் இணைந்தது. 2012இல் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்தியது. 'சூரரைப் போற்று' படம் 2020இல் வந்தபோது என் மாணவர்கள் அந்த வரலாற்றை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். நிறுவனம் போனாலும் அது பழக்கிய முறை நின்றுவிட்டது. முன்னதாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, கடைசி நாளில் ஓடி வருகிறவனுக்கு நான்கு மடங்கு விலை.

என் நோட்டுப் புத்தகம் சொன்னவை எளியவை. எந்தக் கிழமையில் வாங்குகிறோம் என்பதால் ஒன்றும் இல்லை. எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் பறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் தடத்தில் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் வாங்குவது நல்லது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாட்காட்டி வந்தவுடன் வாங்கிவிட வேண்டும். ஏழு கிலோவுக்குள் ஒரு பை போதும். மாற்றுத் துணிகள் இரண்டு ஊரிலும் இருக்கட்டும். இருக்கையைத் தேர்ந்தெடுக்கக் காசு தரவேண்டாம்; ஒன்றேகால் மணி நேரம் நடுவில் உட்கார்ந்தால் யாரும் இளைத்துவிடுவதில்லை. சீட்டை ரத்து செய்யும்போது பணம் திரும்பாது என்று போட்டிருந்தாலும் வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது விதி. பலர் அதைக் கேட்பதே இல்லை.

பெரிய மிச்சம் தரையில்தான் கிடைத்தது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு எங்கள் பக்கத்துப் படாளமும் திருப்போரூரும்கூடப் பரிசீலனையில் இருந்தன. 2022இல் பரந்தூர் தேர்வாயிற்று. ஆகவே என் விமானப் பயணம் இன்றும் மின்சார ரயிலில்தான் தொடங்குகிறது. கொளவாய் ஏரியைத் தாண்டிச் சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி, தாம்பரம், பல்லாவரம் என்று வந்து திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். பத்து ரூபாய். வாடகைக் காருக்குக் கொடுத்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஐதராபாத்தில் விமான நிலையத்துக்குப் போகும் அரசுப் பேருந்துக்குப் புஷ்பக் என்று பெயர். அந்தப் பெயருக்காகவே காரை விட்டுவிடலாம்.

இரண்டாம் ஆண்டில் சராசரி 6,100 ரூபாய்க்கு இறங்கியது. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம். ஆசிரியர் அறையில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை இரவு மனைவி அழைத்தாள். மகளுக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல் என்பது தெரியும். டெங்கு என்று உறுதியாகி மருத்துவமனையில் சேர்த்திருந்தாள். "டாக்டர் பயப்பட வேண்டாம்னு சொல்றார். நீங்க வெள்ளிக்கிழமை வந்தா போதும்," என்றாள்.

என்னிடம் வெள்ளிக்கிழமைச் சீட்டு இருந்தது. ஏழு வாரங்களுக்கு முன் 2,350 ரூபாய்க்கு வாங்கியது. கைப்பேசியில் மறுநாள் காலை விமானத்தைப் பார்த்தேன். 9,800. நான்கு வெள்ளிக்கிழமைகளின் விலை என்று மனம் உடனே வகுத்துச் சொன்னது. பழக்கம் அப்படி. போதும் என்று அவளே சொல்லிவிட்டாள் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குச் சிறிய ஆறுதல் இருந்தது என்பதை இன்று எழுதும்போதும் கை தயங்குகிறது.

வியாழன் இரவு மகளின் இரத்தத்தில் தட்டணுக்கள் இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கின. விடிய விடிய என் மனைவி மருத்துவமனைக் கூடத்தில் தனியாக நின்றிருக்கிறாள். அவளுக்குத் தெலுங்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆபத்து விலகியிருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பின்னும் கேட்கவில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு இருவரும் இங்கே வந்தார்கள். ஒரு மாலை மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் உட்கார்ந்திருந்தபோது கடலுக்கு மேலே ஒரு விமானம் சென்னையை நோக்கித் திரும்பியது. மகள் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா அதுல வரமாட்டார். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைதான் டிக்கெட்." அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். மனைவி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலை வந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் அக்கா வீட்டில் வண்டியை நிறுத்தினோம். மலையைப் பார்த்ததும் மகள் கழுகுகளைப் பற்றிக் கேட்டாள். அவை உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள் என்றேன். பாறு என்பது பழந்தமிழ்ச் சொல். 1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுபோயிற்று. இந்தியா முழுவதும் பாறுகள் மறைந்துகொண்டிருந்த காலம் அது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, இறந்த மாடுகளைத் தின்ற பாறுகளைக் கொன்றது என்பது பின்னர்தான் தெரிந்தது. கால்நடை மருத்துவத்தில் அதை 2006இல் அரசு தடை செய்தது. "கடைசியா என்னிக்கு வந்துச்சு?" என்று மகள் அக்காவிடம் கேட்டாள். அக்காவுக்குத் தெரியவில்லை. "தினம் வர்றது தானேன்னு இருந்துட்டோம். ஒருநாள் வரல, மறுநாள் வரும்னு பார்த்தோம்," என்றாள்.

அன்றிரவு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். மலிவான சீட்டு ஏன் மலிவு என்பது எனக்கு விளங்கியிருந்ததாக நினைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பே, குறித்த நாளில் வருவேன், வேறு நாளில் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதற்கான தள்ளுபடி அது. முதல் பாதிதான் என் கண்ணில் பட்டிருந்தது. விற்றது என்னவென்று பார்க்காமல் வந்த பணத்தை மட்டும் எண்ணியிருக்கிறேன். திடீரென்று புறப்படுவதற்கான விலை நான்கு மடங்கு என்று அவர்கள் வைத்திருப்பது அநியாயம் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் புதன்கிழமை என்னை நிறுத்தியது அவர்கள் அல்லர். என் கணக்கில் ஒரே ஆண்டில் மிச்சப்படுத்திய பணம் இருந்தது. அதைக்கொண்டு அந்தச் சீட்டை இருபது முறை வாங்கியிருக்கலாம்.

சிக்கனத்தை விட்டுவிடவில்லை. விட்டால் பறக்கவே முடியாது. இன்றும் ஏழு வாரங்களுக்கு முன்பே சீட்டு வாங்குகிறேன். பத்து ரூபாய் ரயிலில்தான் போகிறேன். ஒன்றை மட்டும் மாற்றினேன். ஒவ்வொரு பயணத்திலும் மிச்சமாவதில் பாதி தனியாக ஒரு வங்கிக் கணக்குக்குப் போகிறது. கடைசி நாள் விலையில் மூன்று சீட்டு வாங்கும் அளவுக்கு அதில் எப்போதும் பணம் இருக்க வேண்டும் என்பது விதி. அதை எடுக்கும் நாளில் கணக்குப் பார்ப்பதில்லை என்பது இரண்டாவது விதி. வாராவாரம் இப்படிப் பயணம் செய்யும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்ன உத்திகளில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இதுவரை இருமுறை எடுத்திருக்கிறேன். ஒரு ஞாயிறு இரவு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அங்கிருந்து உடனே திரும்பினேன். இன்னொன்று அவசரமே இல்லாதது. பள்ளி நாடகத்தில் மகளுக்குச் சிறிய வேடம். ஒரு புதன்கிழமை மாலை. தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலையில் பையை எடுத்தேன். ஊன்றுகோலோடு அம்மா கூடத்துக்கு வந்தாள்.

"இன்னிக்குப் புதன்கிழமையாச்சே. டிக்கெட்டு விலை ஜாஸ்தியா இருக்குமே?"

"ஆமாம்மா."

"சரி, பார்த்துப் போயிட்டு வா," என்றாள்.