துளைக்குள் ஒற்றை வரிசை

ஜூன் 6, பெங்களூரு
சாயங்காலம் நல்ல மழை. ஆய்வகத்தை விட்டுக் கிளம்புமுன் கணினியில் சிமுலேஷனை ஓடவிட்டேன். எட்டு ஆங்ஸ்ட்ராம் விட்டத்தில் ஒரு கார்பன் நானோகுழாய்; அதைச் சுற்றி நீர் மூலக்கூறுகள். ஒவ்வொரு அணுவின் மேலும் மற்றவை செலுத்தும் விசையைக் கூட்ட வேண்டும். நியூட்டன் விதிப்படி ஒரு ஃபெம்டோ விநாடி நகர்த்த வேண்டும். பிறகு மறுபடி விசை. ஒரு நானோ விநாடியை எட்டவே பத்து லட்சம் தடவை.

ஜூன் 7
இந்த முறைக்குப் பாதை போட்டவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964இல் 864 அணுக்களை வைத்துத் திரவ ஆர்கானைக் கணினியில் அசைத்துக் காட்டினார். 1971இல் சக ஆய்வாளர் ஸ்டில்லிங்கரோடு சேர்ந்து 216 நீர் மூலக்கூறுகள். என் பெட்டிக்குள் இருப்பதும் அந்தக் கணக்கின் வாரிசுதான்.

ஜூன் 9
திரையில் போட்டுப் பார்த்தேன். குழாய்க்குள் ஐந்தாறு மூலக்கூறுகள், ரேஷன் கடை வரிசை மாதிரி, முந்த இடமில்லை. வெளியே ஒவ்வொன்றுக்கும் நான்குக்குச் சற்றுக் குறைவான ஹைட்ரஜன் பிணைப்புகள். உள்ளே முன்னும் பின்னுமாக இரண்டே. இவ்வளவு இழந்தும் நீர் ஏன் உள்ளே போகிறது? 2001இல் இதே போன்ற குழாயைச் சிமுலேஷனில் ஆராய்ந்த ஹம்மர் குழு ‘நேச்சர்’ இதழில் பதில் சொன்னது: உள்ளே பிணைப்புகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உறுதியானவை. அவர்கள் கணக்கில் நானோ விநாடிக்குச் சுமார் 17 மூலக்கூறுகள் குழாயைக் கடந்தன.

ஜூன் 11
முந்த முடியாத வரிசையில் விரவல் மந்தமாகிவிட வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. இதே ஊர் இந்திய அறிவியல் கழகத்தின் பிரபல் மைத்தி, சந்தன் தாஸ்குப்தா, அஜய் சூத் ஆகியோர் இருந்த குழு 2007இல் சிமுலேஷனில் வேறு விதமாகக் கண்டது. இருபுறமும் திறந்த குறுகிய குழாயில் நீர் சாதாரண விரவலுக்கான ஃபிக் விதிப்படியே விரவுகிறது. மூலக்கூறுகள் தனித்தனியாகத் தவிப்பதில்லை. கோத்த சங்கிலியாக நகர்கின்றன.

ஜூன் 13
கார்பனுக்கும் நீருக்கும் இடையே நான் கொடுத்திருந்த ஈர்ப்பு எண்ணைச் சற்றே குறைத்து ஓட்டினேன். குழாய் காலியானது, நிரம்பியது, மறுபடி காலியானது. ஹம்மர் கட்டுரையிலும் இதே கதைதான். பெரிய குழாயில் சுவரின் குணம் மாறினால் ஓட்டம் கொஞ்சம் கூடும், குறையும். இங்கே நீர் இருக்குமா, இருக்காதா என்பதையே அது முடிவு செய்கிறது. அந்த எண்ணோ நாம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது.

ஜூன் 14
2006இல் ஹோல்ட் குழு இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள கார்பன் நானோகுழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தது. பெரிய குழாய்களுக்கான வழக்கமான சூத்திரம் சொல்வதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் ஓட்டம். நானோகுழாயில் நீர் விரையும் என்ற சிமுலேஷன் பேச்சுக்கு ஆய்வகச் சாட்சி கிடைத்தது. உப்பு நீக்கும் சவ்வுக்கு இதை நம்பி இறங்குகிறவர்கள், ஓட்டத்தைக் கேட்பதற்கு முன் ஈர்ப்பு எண்ணைக் கேட்கட்டும்.