அத்தையும் டபிள்யூசியும்

தலைப்பைப் பார்த்துட்டு மூக்கைப் பொத்திக்காதீங்க மக்களே. இது கழிப்பறை மேட்டர் இல்லை. ஆனா எங்க அத்தையும் முதல்ல அப்படித்தான் நினைச்சாங்க.

அத்தை பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. முத்தியால்பேட்டையில வீடு. புதுச்சேரியில பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறமும் வேலைக்குப் பஞ்சமில்லை. 1954-ல பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தைக் கொடுத்துட்டுக் கிளம்பினாங்க, 1962-ல சட்டப்படியும் எல்லாம் முடிஞ்சுது. ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமை வச்சிருக்கிறவங்க இங்க இன்னும் ஆயிரக்கணக்குல இருக்காங்க. சொல்தா வீட்டுப் பென்ஷன் பேப்பர், பிறப்புச் சான்றிதழ்னு யாராவது கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. துபாஷி வேலைக்குப் பேர் போன ஊராச்சே. டூப்ளேக்கு துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லேர்ந்து 1761 வரைக்கும் தமிழ்ல நாட்குறிப்பு எழுதினார். நல்லவேளை, அவருக்கு யாரும் வார்த்தைக்கு இவ்வளவுன்னு எண்ணிக் காசு கொடுக்கலை.

அத்தைக்குக் கொடுத்தாங்க. அதுதான் பிரச்சினை.

வெளியூர் கம்பெனி ஒண்ணு, முதியோரைப் பார்த்துக்கிறது பத்தின ஒரு பிரெஞ்சுக் கையேட்டைத் தமிழ்ப்படுத்தச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. வார்த்தைக்கு ஒரு ரூபாய். கண்புரை ஆபரேஷன் முடிஞ்ச கையோட, மூணு வாரம் உட்கார்ந்து முடிச்சுக் கொடுத்தாங்க. வந்த பணம் 3,902 ரூபாய். அத்தை எதிர்பார்த்தது ஆறாயிரத்துக்கு மேல.

"டேய், என்னை நல்லா ஏமாத்திட்டாங்கடா" அப்படின்னு போன். ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குக் கிளம்பின நான், வண்டியை அப்படியே முத்தியால்பேட்டைக்குத் திருப்பினேன்.

போனா, ஒரு நாப்பது பக்க நோட்டு. அதுல நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. அப்படியே பக்கம் பக்கமா. தான் எழுதின தமிழை ஒவ்வொரு வார்த்தையா எண்ணியிருக்காங்க! கடைசிப் பக்கத்துல 3,911-னு சிவப்பு மையில எழுதி வட்டம் போட்டிருந்துது.

"ஒம்பது ரூபாய்தானே அத்தை வித்தியாசம்?"

"அதான்டா புரியலை. பிரெஞ்சுல கணக்குப் பார்த்தா ஆறாயிரம் வருது. தமிழ்ல எங்க போச்சு மீதி?"

நமக்குத்தான் பொட்டி தட்டுற புத்தியாச்சே. "இருங்க, டபிள்யூசி போட்டுப் பார்த்துடலாம்"னேன். அத்தை ஒரு மாதிரி பார்த்தாங்க. பிரெஞ்சுல அதை 'வே சே'ன்னு சொல்வாங்களாம். நம்ம ஊர் அர்த்தமேதான். ஹி ஹி.

இது வேற டபிள்யூசி. லினக்ஸ்ல கருப்புத் திரையைத் திறந்து இந்த ரெண்டெழுத்தையும் ஃபைல் பேரையும் தட்டினா மூணு எண் வரும்: வரிகள், வார்த்தைகள், பைட்டுகள். 1971-ல யூனிக்ஸோட முதல் பதிப்பிலேயே இருந்த கட்டளை. ஒரே விதி, ஃபைல் வெறும் எழுத்து ஃபைலா இருக்கணும். வேர்டு ஃபைலை அப்படியே கொடுத்தா குப்பைதான் வரும்.

டீச்சராச்சே, சும்மா நம்புவாங்களா? பரீட்சை வச்சாங்க. "குறள் 1330. ஏழு சீர். மொத்தம் 9,310. உன் மெஷின் சொல்லுதா பாப்போம்." தலைப்பு, உரை எதுவும் இல்லாம, சீர் பிரிச்ச ஃபைல் ஒண்ணு எங்கிட்ட இருந்துது. வார்த்தை 9,310 சரியா வந்துது. ஆனா வரி 2,660 வர வேண்டிய இடத்துல 2,659! அத்தை முகத்துல வெற்றிப் புன்னகை. உண்மையில அது வரியை எண்ணறதில்லை, வரி முடிஞ்சதும் தட்டுற 'என்டர்'களை எண்ணுது. கடைசிக் குறளுக்கு அப்புறம் நான் என்டர் தட்டலை. தட்டினேன், சரியாப் போச்சு.

அடுத்து 'தமிழ்'னு ஒரே ஒரு வார்த்தை. எழுத்தை எண்ணுற மைனஸ் எம் போட்டா 5 வருது. பைட்டை எண்ணுற மைனஸ் சி போட்டா 15. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கூட மூணு எழுத்துன்னு சொல்லும்டா!" யூனிகோடுல த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளின்னு அஞ்சு துண்டு, யூடிஎஃப்-8-ல துண்டுக்கு மூணு பைட்டுன்னு விளக்கினேன். "புள்ளிக்குத் தனிக் கணக்கா? நல்லாயிருக்கு"ன்னாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். அத்தையோட தமிழ் ஃபைல்: 3,902. கம்பெனி சொன்ன அதே எண். ஒம்பது வார்த்தை அத்தை கை தவறினது. பிரெஞ்சு மூலம்: 6,214.

அத்தை கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம் அவங்களே சொன்னாங்க: "'தான் லா மெஸோன்' மூணு வார்த்தை. நமக்கு 'வீட்டில்' ஒண்ணு. 'இல் நே பா வெனு' நாலு. நமக்கு 'வரவில்லை'ன்னா முடிஞ்சுது. யாரும் திருடலைடா. தமிழே முழுங்கிடுச்சு."

அதேதான். வேற்றுமை உருபு, எதிர்மறை, காலம் எல்லாத்தையும் தமிழ் ஒரே சொல்லுக்குள்ள ஒட்டி வச்சிடுது. டபிள்யூசிக்குத் தெரிஞ்சதெல்லாம் இடைவெளி மட்டும்தான். ஆக, எந்த மொழியை எண்ணுறதுங்கிறதை முதல்லயே பேசியிருக்கணும்.

நான் ஒரு குறுக்கு வழி சொன்னேன். 'பார்த்துக்கொண்டிருந்தால்' மாதிரி சொற்களையெல்லாம் 'பார்த்துக் கொண்டு இருந்தால்'னு ஒரே கட்டளையில பிரிச்சுட்டா வார்த்தை ஏறிடும், அடுத்த வேலையில கொஞ்சம் ஈடுகட்டலாம்னு. அத்தை முறைச்ச முறையில ரிட்டயர் ஆகாத டீச்சர் தெரிஞ்சாங்க. "வார்த்தையைப் பிச்சுப் பிச்சுக் காசு வாங்கறதா? வேணாம்."

பிரெஞ்சுக் கணக்கையும் விடலை. அவங்க வழக்கப்படி அரைப்புள்ளி, கேள்விக்குறிக்கு முன்னாடி ஒரு இடைவெளி விடுவாங்க. டபிள்யூசி அந்தத் தனிக்குறியையும் ஒரு வார்த்தையா எண்ணிடுது. அத்தை கண்டுபிடிச்சு, "இதுக்கெல்லாம் நான் தமிழ் எழுதலையே"ன்னு நீக்கச் சொன்னாங்க. 171 குறைஞ்சுது. 6,043. தனக்கு வேண்டிய எண்ணைத் தானே குறைச்சுக்கிட்ட மனுஷியை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

ரெண்டு எண்ணையும் போட்டு, கோபமில்லாம ஒரு மெயில் எழுதினாங்க. நாலு நாள் கழிச்சுப் பதில். ஒப்பந்தத்துல தமிழ் வார்த்தைன்னு இருக்கறதால பழைய பில்லுல மாத்த முடியாது, அடுத்த வேலையிலேர்ந்து மூல மொழி வார்த்தைக்குத் தர்றோம்னு. 2,141 ரூபாய் போனது போனதுதான்.

நான் திட்டினேன். அத்தை, "கையெழுத்துப் போட்டது நான்தானே. படிச்சுட்டுப் போட்டிருக்கணும். முப்பது வருஷம் பிள்ளைங்களை கேள்வியை ஒழுங்காப் படிச்சுட்டு பதில் எழுதுன்னு அதட்டியிருக்கேன்"னாங்க.

என் பழைய லேப்டாப்புல உபுண்டு போட்டுக் கொடுத்துட்டு வந்தேன். போன வாரம் காலங்காத்தால வாட்ஸப்புல ஒரு படம்: கருப்புத் திரை, அதுல மூணு எண். கீழே அத்தையோட செய்தி: 'புது வேலை. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எண்ணிட்டேன்.'

மொழிபெயர்க்கிற நண்பர்களே, நீங்களும் முன்னாடியே எண்ணிடுங்க.

டிஸ்கி: இந்தப் பதிவையும் டபிள்யூசி போட்டுப் பார்த்தேன். எத்தனைன்னு சொல்ல மாட்டேன். அத்தை படிச்சா, பாதியா வெட்டியிருக்கலாமேன்னு சொல்வாங்க.