வாசி இல்லாத காசு

நன்னிலத்திலிருந்து நாகப்பட்டினம் செல்லும் சாலையில் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், நெல்வயல்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது திருப்புகலூர். அக்னி தீர்த்தம் அகழிபோல் சூழ்ந்து நிற்க, அதன் நடுவே கோயில் கொண்டிருக்கிறார் அக்னிபுரீஸ்வரர். அம்பிகை கருந்தார்குழலி. செங்கல்லைத் தலைக்கு வைத்துத் துயின்ற சுந்தரருக்கு அந்தச் செங்கற்கள் பொன்னாக மாறிய தலம் இது. ஆகவே வீடு கட்டத் தொடங்குவோர் செங்கற்களுடன் இங்கு வந்து வழிபட்டுச் செல்வது வழக்கம்.

பொன் கிடைத்த தலமாகப் பலரும் அறிந்த இவ்வூர், பொன்னை வேண்டாமென்று வீசிய தலமும் ஆகும். முதுமையில் இங்கே தங்கிய திருநாவுக்கரசர், கையில் உழவாரம் ஏந்தித் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கிவந்தார். அவர் பணிசெய்த இடமெங்கும் பொன்னும் நவமணியும் கிடக்கும்படி இறைவன் அருளினான். அப்பருக்கு அவையும் பருக்கைக் கற்களும் ஒன்றாகவே தோன்றின. உழவாரத்தால் வாரியெடுத்துக் குளத்தில் எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து புல்லைச் செதுக்கத் தொடங்கினார் என்கிறது பெரியபுராணம்.

இத்தலத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பூமாலை தொடுத்துத் தொண்டு செய்த முருக நாயனாரின் திருமடம் இருந்த ஊர் இது. முதியவரான அப்பரும் இளம்பிள்ளையான ஞானசம்பந்தரும் அம்மடத்தில் அடியார்களோடு கூடியிருந்து மகிழ்ந்தனர். வயதால் தாத்தாவும் பேரனும் போன்ற இருவர், தொண்டால் தோழர்களாயினர்.

அந்தத் தோழமையின் அடுத்த காட்சியைக் காணத் திருவீழிமிழலைக்குச் செல்லவேண்டும். அது பூந்தோட்டத்துக்கு மேற்கே உள்ளது. நாட்டில் பஞ்சம் வந்த காலத்தில் இருவரும் அங்கே தனித்தனி மடம் அமைத்து அடியார்களுக்கு அமுதளித்தனர். அதற்கென இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசை, கிழக்கிலும் மேற்கிலும் இருந்த பீடங்களில் வைத்தருளினான். ஆனால் அப்பர் மடத்தில் உரிய நேரத்தில் பந்தி நடக்க, சம்பந்தர் மடத்தில் மட்டும் உணவு தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது உண்மை தெரிந்தது. அப்பரின் காசை வணிகர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டனர். சம்பந்தரின் காசுக்கு ‘வாசி’ கேட்டனர். வாசி என்பது நாணய மாற்றின்போது வணிகர் பிடித்துக்கொள்ளும் கழிவு. அப்பர் கைத்தொண்டு செய்பவர். ஆதலால் அவருக்கு வாசியில்லாத காசு கிடைத்தது என்று காரணம் காட்டுகிறார் சேக்கிழார். பின்னர் சம்பந்தர் பதிகம் பாட, அவர் காசின் வாசியும் நீங்கியது.

உடல் வருந்திச் செய்த தொண்டுக்கு எக்கடையிலும் முழு மதிப்பு உண்டு என்பதே இவ்வரலாறு சொல்லும் செய்தி. அப்பர் காட்டிய அந்த வழியில்தான் தமிழகத்துச் சிற்றூர்களில் உழவாரப் பணிக் குழுக்கள் இன்றும் இயங்கிவருகின்றன.

இத்தகைய ஒரு குழுவின் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடும். கோயில் நிர்வாகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்று, மண்வெட்டி, அரிவாள், கூடை, துடைப்பத்துடன் கோபுர வாசலில் கூடுவார்கள். இளைஞர்கள் பிராகாரத்துப் புதரை வெட்டுவார்கள்; நந்தவனத்துக்குப் பாத்தி கட்டுவார்கள். பெண்கள் புளியும் சாம்பலும் இட்டு விளக்குகளைத் துலக்குவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிறுவர்களை அமர்த்தித் தேவாரம் சொல்லித் தருவார். நண்பகலில் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து தயிர்சாதம் உண்பார்கள். அந்த வரிசையில் இன்னார் இனியார் என்ற பேதம் கிடையாது.

பணி கோயில் மதிலோடு நின்றுவிடுவதில்லை. தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும், கோடையில் நீர்மோர் வழங்குவதும், பொதுத்தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதும் அதே கைகள்தாம். வேலை கிடைக்காமல் கடைத்தெருவில் நின்றிருந்த பிள்ளையை ஊரார் பெயர் சொல்லி அழைத்து ஒரு பொறுப்பை ஒப்படைக்கும்போது, அவனுக்கும் ஊரில் ஓர் இடம் உண்டாகிறது.

ஆர்வம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை வெறுங்கையால் பிடுங்கினால் மேலே தண்டு மட்டும் வரும். உள்ளே தங்கிய வேர் மீண்டும் துளிர்த்துக் கட்டுமானத்தைப் பிளக்கும். அதனை வல்லுநர்களிடம் விட்டுவிடுவதே முறை. கல்லின் மேல் அமிலம் ஊற்றுவதும், கல்வெட்டின் மேல் வண்ணம் அடிப்பதும் பிழை. மணலை வீசிக் கல்லைத் தூய்மை செய்யும் முறையால் எழுத்தும் சிற்பமும் தேய்ந்துபோகும் என்பதாலேயே அரசு அதற்குத் தடை விதித்தது.

பணத்திலும் அதே கவனம் தேவை. நன்கொடையைப் பணமாகப் பெறாமல் அரிசியாகவும் எண்ணெயாகவும் துடைப்பமாகவும் பெறும் குழுக்கள் உண்டு. பணமாகப் பெறுவோர் ரசீது தந்து, மாதந்தோறும் வரவு செலவை எல்லோரும் காண எழுதி ஒட்டிவிடுவது நல்லது. மணியைக் குளத்தில் எறிந்தவரின் பெயரைச் சொல்லிச் செய்யும் தொண்டில் கணக்கு மறைவாக இருத்தலாகாது.

இக்குழுக்களின் இன்றைய கவலை வேறு. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிடுகிறார்கள். மண்வெட்டி பிடிப்போரின் தலை ஆண்டுக்காண்டு நரைத்துக்கொண்டே வருகிறது. பெரியவர்கள் ஏவ, இளையவர்கள் உழைக்க என்றிருக்கும் குழு நெடுநாள் நிலைப்பதில்லை. முருக நாயனார் மடத்தில் அப்பரும் சம்பந்தரும் அமர்ந்ததுபோல், இருவரும் ஒன்றாக அமர்ந்து பேசும் குழுவுக்கு, ஊரைவிட்டுச் சென்ற பிள்ளையும் பொங்கல் விடுமுறைக்கு வந்ததும் உழவாரத்தைத் தேடி வருகிறான்.

அப்பர் பெருமான் இறைவன் திருவடி சேர்ந்த தலமும் திருப்புகலூரே. சித்திரைச் சதயத்தையொட்டி இங்கே அவருக்கு விழா நடைபெறுகிறது. அப்போது செல்லும் குடும்பத்தினர் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, உழவாரம் தாங்கிய அப்பரின் திருவுருவத்தைக் காட்டி, அது என்ன கருவி என்று அவர்களையே கேட்கலாம். ஊர் திரும்பியதும், அடுத்த ஞாயிறன்று தங்கள் ஊர்க் கோயில் பிராகாரத்தில் ஒரு மணி நேரம் புல் செதுக்க அவர்களோடு சேர்ந்து பெற்றோரும் குனியலாம்.