போலீஸ் நிக்காத ரோட்டுல யார் பிரேக் பிடிக்க வைப்பாங்க?

எங்க ஊர் கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம். விருத்தாசலம்னாலே பீங்கான்தான். பீங்கான் சாமான் ஏத்தின மினி லாரிக்குப் பின்னால ஒரு நாள் போய்ப் பாருங்க. பள்ளம் வந்தா நிதானமா இறங்கி ஏறும். அங்கே போலீஸும் இல்லை, கேமராவும் இல்லை. உடைஞ்சா நஷ்டம் தன் தலையிலதான்னு டிரைவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விடுற நேரத்துல அதே ரோட்டுல பைக்கும் காரும் பறக்கும். என் தங்கச்சி அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரணும். அவ வர்ற வரைக்கும் அம்மா வாசல்லயே நிப்பாங்க. "ஒரு போலீஸ்காரரைப் போட்டா என்னடா?"ன்னு கேட்பாங்க. போடலாம்மா. அவர் டீ குடிக்கப் போயிட்டா?

கொஞ்சம் பிசிக்ஸ் பார்ப்போம். பிரேக்கை மிதிக்க 1 விநாடி ஆகுது, அதுக்கப்புறம் ஒவ்வொரு விநாடிக்கும் வேகம் 7 மீ/வி குறையுதுன்னு வச்சுக்குவோம். 40 கி.மீ. வேகத்துல வர்ற வண்டி 20 மீட்டர்ல நின்னுடும். 60-ல வர்ற வண்டி பிரேக் பிடிக்கிறதுக்குள்ளேயே 17 மீட்டர் தாண்டியிருக்கும். அந்த 20-வது மீட்டர்ல ஒரு குழந்தை நின்னா, ஏறக்குறைய 55 கி.மீ. வேகத்துல மோதும். இந்த நஷ்டம் மட்டும் டிரைவர் தலையில விழறதில்லை. அதனாலதான் போர்டைப் பார்த்தும் யாரும் மெதுவா போறதில்லை.

வேகத்தடை செய்யறது இதைத்தான். வேகமா வந்தா உன் முதுகுக்குத்தான் வலின்னு நஷ்டத்தை டிரைவர் பக்கம் திருப்பி விடுது. ஆனா அதுக்கும் அளவு உண்டு. ஐ.ஆர்.சி. 99-ன் 1988 விதிப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்துல வசதியா தாண்டலாம்னு இருந்தது. ஊர்க்காரங்களே ராத்திரியோட ராத்திரியா போடுற குறுகலான மேடு, பெயின்ட் கூட இல்லாம, பைக்ல வர்றவங்களைக் கீழே தள்ளிவிடும். வேற வழிகளும் இருக்கு. ஊருக்குள்ள நுழையற இடத்துல ரோட்டைக் கொஞ்சம் குறுக்கலாம். குறுக்குக் கோடுகளை வரவர நெருக்கிப் போடலாம். அகலமா, நேரா இருக்கற ரோடு "அழுத்து"ன்னு சொல்லும். குறுகின ரோடு "பாத்துப் போ"ன்னு சொல்லும். ரோடு சொல்றதைத்தான் கால் கேட்கும்.

இன்ஜினியரிங் படிக்கிற நாம இதுல என்ன செய்யலாம்? ஒரு டேப், ஒரு செல்போன் போதும். ரோட்டோரமா 50 மீட்டர் அளந்து ரெண்டு அடையாளம் வைங்க. வண்டி 3 விநாடியில தாண்டினா 60 கி.மீ., நாலரை விநாடின்னா 40 கி.மீ. பள்ளி விடுற நேரத்துல ஒரு வாரம் குறிச்சு வைங்க. அந்தத் தாளை அக்டோபர் 2 கிராம சபையில கொடுத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்க. நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு நகல் அனுப்புங்க. "வண்டியெல்லாம் வேகமா போகுது சார்"னு வாயால சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. எண்ணோட போனா, பதில் சொல்லியே ஆகணும்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப என் பையில டேப் இருக்கும். உங்க ஊர் ரோட்டை யார் அளக்கப் போறீங்க?